'கெய்லி'யோடு நின்றுவிட்டவர்களுக்கு



மரில்லியன் ராக் குழு என்று சொன்னதும் உங்களுக்கு 1985தான் நினைவுக்கு வருகிறது. 'கெய்லி', 'லாவெண்டர்' பாட்டுகள், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மேடையேறிய நெடிய ஸ்காட்லாந்துக்காரர் ஃபிஷ், ஆல்ப அட்டைகளில் மார்க் வில்கின்சன் வரைந்த கோமாளி. அவ்வளவையும் ஆசை ஆசையாகப் பேசுவீர்கள். பேசி முடித்ததும், "ஃபிஷ் போனதோட அந்த பேண்ட் முடிஞ்சுபோச்சு" என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடுவீர்கள். அந்த வரியோடு எனக்கு நெடுநாளாக வழக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

கணக்கை மட்டும் முதலில் பாருங்கள். ஃபிஷ் அந்தக் குழுவில் இருந்தது 1981 முதல் 1988 வரை. தந்தது நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள். அவர் இடத்துக்கு 1989-ல் வந்த ஸ்டீவ் ஹோகார்த், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறார். அவருடைய காலத்து ஆல்பங்கள் பதினான்குக்குக் குறையாது. கிதார் ஸ்டீவ் ராத்தரி, பேஸ் பீட் ட்ரெவாவஸ், கீபோர்டு மார்க் கெல்லி, டிரம்ஸ் இயன் மோஸ்லி என்ற நால்வரும் 'கெய்லி'யில் வாசித்த அதே நால்வர்தான். நீங்கள் முடிந்துபோனது என்று சொல்லும் குழுவின் வாழ்வில் மிகப் பெரும்பகுதி, நீங்கள் காது கொடுக்காத பகுதி.

ஃபிஷ்ஷின் காலத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1979-ல் லண்டனுக்கு வடமேற்கே எய்ல்ஸ்பரி என்ற சந்தை நகரத்தில், டோல்கீனின் 'சில்மரில்லியன்' புத்தகத்தின் பெயரோடு இந்தக் குழு தொடங்கியபோது ப்ராக்ரஸிவ் ராக் கேட்கவே ஆளில்லை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பங்க் அலை அடித்து ஓய்ந்திருந்தது. பத்து நிமிடப் பாட்டு, மாறிக்கொண்டே இருக்கும் தாளம், கதை சொல்லும் ஆல்பம் எல்லாம் பழைய தலைமுறையின் ஆடம்பரம் என்று தள்ளப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் பெயரை மரில்லியன் என்று சுருக்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் வாசித்து, லண்டன் மார்க்கீ கிளப்பில் கூட்டம் சேர்த்து, 1982-ல் ஈஎம்ஐ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஜெனஸிஸ் குழுவின் நகல் என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். தொடக்கத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. 'க்ரெண்டல்' என்ற 17 நிமிடப் பாட்டைக் கேட்டால் யாருடைய பிள்ளைகள் இவர்கள் என்று தெரிந்துவிடும்.

'மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹுட்' வந்தபோது அந்தப் பேச்சு அடங்கியது. பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஹான்ஸா ஸ்டுடியோவில், கிறிஸ் கிம்ஸியின் தயாரிப்பில் பதிவான ஆல்பம். ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்தது தொடங்கிவிடும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஓட்டம். அப்படிப்பட்ட ஆல்பம் 1985-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 'கெய்லி' தனிப்பாட்டாக இரண்டாமிடம் வரை போனது. அதற்கு முன்னால் நின்றது, பிராட்ஃபர்ட் கால்பந்து மைதானத் தீ விபத்துக்கு நிதி திரட்டப் பலரும் சேர்ந்து பாடிய பாட்டு. அதன் பிறகு பிரிட்டனில் எத்தனையோ பெண் குழந்தைகளுக்குக் கெய்லி என்று பெயர் வைத்தார்கள். அந்த வெற்றி பெரிது. ஆனாலும் ஃபிஷ்ஷின் எழுத்தில் எனக்கு மிகப் பிடித்தது 1987-ல் வந்த 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்'. குடியில் கரைந்துகொண்டிருக்கும் ஒரு மனிதனின் கதை அது. எழுதியவரின் சொந்த வாழ்க்கை அந்தக் கதைக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை உன்னிப்பாகக் கேட்பவர்கள் அப்போதே உணர்ந்திருப்பார்கள். ஓயாத சுற்றுப்பயணம், குடி, மேலாளரைப் பற்றிய தகராறு எல்லாம் சேர்ந்து 1988-ல் ஃபிஷ் வெளியேறினார். தான் எழுதிய வரிகளையும் எடுத்துக்கொண்டு போனார். நால்வரிடம் மிஞ்சியது, வரியில்லாத மெட்டுகள்.

நீங்கள் எழுந்துபோனது இந்த இடத்தில்.

ஸ்டீவ் ஹோகார்த் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாதவர். தி யூரோப்பியன்ஸ், ஹவ் வி லிவ் என்று இரண்டு குழுக்களில் பாடி, இரண்டும் ஓடாமல், இசையையே விட்டுவிட்டுப் பால் ஊற்றும் வேலைக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தி தி குழுவோடு சுற்றுப்பயணத்தில் பியானோ வாசிக்க இன்னொரு அழைப்பும் அவருக்கு வந்திருந்தது. மரில்லியனைச் சந்திக்கப் போனபோது, தன் பாட்டு யோசனைகளைப் பதிவு செய்த கேசட்டுகளை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். 'ஈஸ்டர்' பாட்டு அவர் கொண்டுவந்தது. வட அயர்லாந்தின் இரத்தக் களரியை நினைத்து எழுதியது. 1989-ல் வந்த 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தில் அது இருக்கிறது. அதே ஆல்பத்தின் பெயர்ப்பாட்டு, பூமி சூடேறி இங்கிலாந்தில் பனி பெய்வது நின்றுபோகும் ஒரு நாளைப் பற்றியது. பருவநிலையைப் பற்றி ராக் குழுக்கள் அவ்வளவாகப் பேசாத ஆண்டு அது.

"பாட்டு வேற மாதிரி ஆயிடுச்சே" என்பீர்கள். ஆமாம், ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று சொல்கிறேன். ஃபிஷ் ஒரு வரியில் பத்துச் சொற்களை நெருக்கி அடைப்பவர். அவர் மூச்சு விடும் இடைவெளியில்தான் மற்றவர்கள் வாசித்தாக வேண்டும். அதனால் கெல்லியின் கீபோர்டு அந்த நாட்களில் வேகமாக ஓடும். ஹோகார்த் சொற்களைக் குறைத்துக்கொண்டு, ஓர் உயிரெழுத்தைப் பிடித்து நீட்டி, அது தேயும்வரை விடமாட்டார். குரலுக்கு அடியில் இடம் உண்டானது. கெல்லி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஸ்வரங்களை அடுக்கி மெல்ல நகர்த்தத் தொடங்கினார். ட்ரெவாவஸின் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடுவது காதில் விழுந்தது. ராத்தரியின் கிதார்தான் மிகுதியும் மாறியது. 'ஈஸ்டர்' பாட்டில் அவருடைய தனி வாசிப்பைக் கேளுங்கள். குரல் துயரத்தைச் சொல்லி முடித்து ஒதுங்கிய பிறகே கிதார் வருகிறது. அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தைத் தொட்டு, வளைத்து, அது தானாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததற்குப் போகிறார். விரல் வேகத்தைக் காட்ட நினைக்கும் எவரும் அந்த இடத்தில் மூன்று மடங்கு வாசித்திருப்பார்கள். ராத்தரியைப் போல அடக்கி வாசித்து மனதைக் கரைப்பவர்கள் ராக் இசையில் மிகச் சிலர்தான்.

அடுத்து வந்த 'ஹாலிடேஸ் இன் ஈடன்' எனக்குப் பிடிக்காது. வானொலியில் ஓடவேண்டும் என்ற நினைப்பு அதில் துருத்திக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நீங்கள் திரும்பிப் போனீர்கள் என்றால் உங்கள்மேல் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இன்னும் மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்கலாம்.

1994-ல் வந்த 'பிரேவ்', என்னளவில் இந்தக் குழுவின் சிகரம். செவர்ன் பாலத்தில் ஒரு இளம்பெண் தனியாக அலைவதைக் காவல்துறை கண்டுபிடிக்கிறது. அவள் யார், எங்கிருந்து வந்தாள், எதற்கும் வாய் திறக்கவில்லை. அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லும்படி வானொலியில் அறிவிப்பு வருகிறது. அந்த அறிவிப்பைப் பல ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஹோகார்த்தின் மனதிலிருந்து அவள் போகவே இல்லை. அவளை அந்தப் பாலத்துக்குக் கொண்டுவந்தது எது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஐவரும் எழுபது நிமிட இசையைக் கட்டினார்கள். பிரான்ஸின் டோர்டோன் பகுதியில் ஒரு பழைய கோட்டையில் தங்கி வேலையைத் தொடங்கினார்கள். சீக்கிரம் ஒரு ஆல்பம் முடித்துத் தாருங்கள் என்று எதிர்பார்த்த நிறுவனம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தது. தயாரிப்பாளர் டேவ் மீகன் ஒவ்வொரு ஒலியையும் விடாமல் செதுக்கினார்.

இசைத்தட்டாக வந்தபோது அதில் ஒரு காரியம் செய்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஊசி ஒரு தடத்தில் இறங்கினால் கதை மீட்சியில் முடியும். மற்றதில் இறங்கினால் தண்ணீரின் ஓசைதான். எதில் இறங்கும் என்பது ஊசியை வைக்கும் கைக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் உயிர் எவ்வளவு சின்ன விஷயத்தில் தொங்குகிறது என்பதை அந்தத் தட்டே சொல்லிவிடுகிறது. இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

'பிரேவ்' பெரிதாக விற்கவில்லை. 1995-ல் 'அஃப்ரெய்ட் ஆஃப் சன்லைட்' வந்தது. புகழ் மனிதர்களை எப்படித் தின்கிறது என்பதைப் பற்றிய ஆல்பம். அதோடு ஈஎம்ஐ அவர்களைக் கைவிட்டது. அந்த ஆல்பத்தில் 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' என்று ஒரு பாட்டு உண்டு. 1967 ஜனவரியில் கோனிஸ்டன் ஏரியில், தண்ணீரின் மேல் தன் உலக சாதனையைத் தானே முறியடிக்க முயன்று, மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோன டானல்ட் கேம்பெல்லைப் பற்றியது. அவருடைய உடல் அன்று கிடைக்கவில்லை. இந்தப் பாட்டைக் கேட்ட பில் ஸ்மித் என்ற முக்குளிப்பவருக்கு அந்த 'புளூபேர்ட்' படகு இன்னும் ஏரிக்கடியில்தானே கிடக்கும் என்று தோன்றியது. தேடத் தொடங்கினார். 2001 மார்ச்சில் படகு மேலே வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் கேம்பெல்லின் உடலும் கிடைத்தது. படகை வெளியே எடுத்த அன்று ஹோகார்த்தையும் ராத்தரியையும் கரைக்கு அழைத்திருந்தார்கள். விற்கவில்லை என்று நிறுவனம் கைகழுவிய ஒரு ஆல்பத்தின் பாட்டு, ஏரியில் கிடந்த ஒருவரை முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வீட்டாரிடம் சேர்த்தது. இசையின் மதிப்பை விற்பனைப் பட்டியலில் தேடுகிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இனி வரும் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இதில்தான் தெரியும்.

1997-ல் அவர்கள் காசில் என்ற சிறிய நிறுவனத்தில் இருந்தார்கள். 'திஸ் ஸ்ட்ரேஞ்ச் எஞ்சின்' வந்திருந்தது. அமெரிக்காவுக்குப் போனால் நஷ்டம் நிச்சயம், அதைத் தாங்க நிறுவனமும் இல்லை, அதனால் வரமுடியாது என்று இணையத்தில் ரசிகர்களிடம் மார்க் கெல்லி உள்ளதை உள்ளபடி எழுதினார். இணையம் அன்று இன்று இருப்பதைப் போல இல்லை. முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்புவது என்றாலே பயப்படுகிற காலம். ஆனால் அமெரிக்க ரசிகர்கள் தங்களுக்குள் பேசி, பொதுவாக ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து பணம் போடத் தொடங்கினார்கள். குழு கேட்கவில்லை. அந்தக் கணக்கில் குழுவுக்குக் கையும் இல்லை. சேர்ந்தது சுமார் 60,000 டாலர். இதைக் கொடுத்தவர்களே கச்சேரிக்கு டிக்கெட்டும் காசு கொடுத்து வாங்கினார்கள். மரில்லியன் அமெரிக்கா போனது.

இந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. காசிலோடு ஒப்பந்தம் முடிந்ததும், இன்னொரு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாக, தங்களிடம் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு எழுதிக் கேட்டார்கள்: நாங்கள் இன்னும் ஒரு ஸ்வரம்கூடப் பதிவு செய்யாத ஆல்பத்துக்கு இப்போதே பணம் தருவீர்களா? 12,000 பேருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். அதில்தான் 2001-ல் 'அனோராக்னோஃபோபியா' உருவானது. பாட்டுகளின் உரிமை குழுவிடமே நின்றது. கடைகளுக்கு விநியோகிக்க வந்தது யார் தெரியுமா? அதே ஈஎம்ஐ! க்ரவுட்ஃபண்டிங் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதற்கு இணையதளம் வைத்து நடத்தும் கிக்ஸ்டார்ட்டர் தொடங்கியது 2009-ல்தான்.

பணத்தைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைக்காதீர்கள். யாருக்காக வாசிக்கிறோம் என்பது தெளிவானதும் இசையும் மாறியது. 2004-ல் வந்த 'மார்பிள்ஸ்' இரட்டை ஆல்பத்தை எந்த நிறுவன அதிகாரியிடம் போட்டுக் காட்டியிருந்தாலும், 'தி இன்விசிபிள் மேன்' என்ற 13 நிமிடப் பாட்டோடு தொடங்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பார். 'ஓஷன் கிளவுட்' கிட்டத்தட்ட 18 நிமிடம். அட்லாண்டிக் கடலை இரு திசையிலும் துடுப்புப் போட்டுக் கடந்த டான் ஆலமின் கதை. அலையோடும் தனிமையோடும் ஒரு மனிதன் பேசுவதை அவ்வளவு நீளமாகச் சொல்ல, முன்பே பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் ரசிகர்கள் வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்களின் பெயர்களை ஆல்பத்தோடு வந்த புத்தகத்தில் அச்சிட்டுத் தந்தார்கள். அந்த ஆண்டு அதே ஆல்பத்திலிருந்து 'யூ ஆர் கான்' பிரிட்டன் பட்டியலில் ஏழாமிடம் வந்தது.

இன்னொன்றையும் அவர்கள் தொடங்கினார்கள். 2002 முதல் வார இறுதிக் கூடல்கள். இங்கிலாந்தில் ஒரு விடுமுறை முகாமில் தொடங்கி, பின்னர் நெதர்லாந்தின் போர்ட் ஸெலாண்டிலும் மான்ட்ரியலிலும் வேறு ஊர்களிலும் நடக்கிறது. மூன்று இரவு. ஒவ்வோர் இரவும் வேறு பாட்டுகள். பெரும்பாலும் ஒரு முழு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார்கள். பல நாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒரே வளாகத்தில் தங்கியிருக்கும். எத்தனை குழுக்களால் தங்கள் பாட்டில் பாதியையாவது மேடையில் வாசிக்க முடியும், அதற்கு ஆள் வரும்?

எல்லாமே பொன் என்று சொல்லமாட்டேன். 'ரேடியேஷன்' முதலில் வந்தபோது ஒலி கலங்கலாக இருந்தது. 2007-ன் 'சம்வேர் எல்ஸ்' எனக்கு இன்றும் முழுதாக ஒட்டவில்லை. ஐவரும் எய்ல்ஸ்பரி பக்கத்தில் இருக்கும் தங்கள் ராக்கெட் கிளப் ஸ்டுடியோவில் கூடி, எந்தத் திட்டமும் இல்லாமல் வாசித்து, எல்லாவற்றையும் பதிவு செய்து, அந்தக் குவியலிலிருந்து நல்ல துண்டுகளைத் தயாரிப்பாளர் மைக் ஹன்டர் பொறுக்கி எடுக்க, பிறகு பாட்டாகக் கோப்பார்கள். இந்த முறையில் சில சமயம் தையல் தெரியத்தான் செய்யும். ஆனால் கூடிவந்துவிட்டால் 2012-ன் 'காஸா' போன்ற ஒன்று கிடைக்கும். 17 நிமிடம், முற்றுகைக்குள் வளரும் ஒரு சிறுவனின் குரலில். எழுதுவதற்கு முன் ஹோகார்த் அங்கே வாழ்பவர்களிடம் பேசினார். சுலபமாகக் கைதட்டல் வாங்கும் பாட்டு இல்லை அது. எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே பாடினார்கள். பணமும் அதிகாரமும் இங்கிலாந்தை என்ன செய்தன என்று கோபமாகக் கேட்ட 2016-ன் ஆல்பம் நான்காமிடம் வந்தது. மறு ஆண்டு ராயல் ஆல்பர்ட் ஹால் நிரம்பியது.

பெருந்தொற்றுக்குப் பின் 2021-ல் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது, கொரோனாவால் கச்சேரி நின்றுபோனால் ஈடுகட்ட எந்தக் காப்பீட்டு நிறுவனமும் முன்வரவில்லை. ரசிகர்களே அந்த ஆபத்தை ஏற்றார்கள். பொதுவில் பணம் கட்டி வைத்தார்கள், நஷ்டம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று. பயணம் நடந்து முடிந்தது. பணம் திரும்பப் போனது. 1997-ல் விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. 2022 மார்ச்சில் வந்த 'ஆன் ஹவர் பிஃபோர் இட்ஸ் டார்க்' பிரிட்டனில் இரண்டாமிடம் பிடித்தது. அந்த உயரத்தை அவர்கள் அதற்கு முன் தொட்டது 1987-ல், ஃபிஷ்ஷோடு. கடைசிப் பாட்டான 'கேர்' பெருந்தொற்றின்போது நோயாளிகளின் பக்கத்தில் நின்ற செவிலியரை வணங்கி முடிகிறது. அறுபதைத் தாண்டிய ஐவர் இப்படி ஓர் ஆல்பம் போடுகிறார்கள் என்றால், முடிந்துபோன குழு என்று எந்த வாயால் சொல்வது?

ஃபிஷ்ஷுக்கும் இவர்களுக்கும் பகை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2007 ஆகஸ்டில் எய்ல்ஸ்பரி சந்தைச் சதுக்கத்தில் நடந்த விழாவில், ராத்தரி, கெல்லி, ட்ரெவாவஸ், மோஸ்லி நால்வரும் ஃபிஷ்ஷோடு மேடையேறி 'மார்க்கெட் ஸ்கொயர் ஹீரோஸ்' வாசித்தார்கள். ஒரே ஒரு பாட்டு. வாசித்துவிட்டு அவரவர் பாதையில் போனார்கள். அவர்களே ஆற்றிக்கொண்ட புண்ணை நாம் ஏன் கீறிக்கொண்டிருக்க வேண்டும்?

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். முதலில் 'ஈஸ்டர்'. பிடித்தால் 'பிரேவ்' முழுவதும், பாட்டைத் தாண்டாமல், ஒரே அமர்வில். நேரமில்லை என்றால் அதிலிருந்து 'தி கிரேட் எஸ்கேப்' மட்டும். பிறகு 'ஓஷன் கிளவுட்', 'நெவர்லேண்ட்'. கடைசியாக 'கேர்'. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டாம். ட்ரெவாவஸின் பேஸ் அதில் கேட்காது.

கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போதும் ஃபிஷ்தான் என்று சொல்வீர்களானால் சொல்லுங்கள், வாதாடத் தயாராக இருக்கிறேன். 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்' பற்றி மட்டும் உங்களோடு சண்டை கிடையாது.

அன்புடன்,
உங்களைப் போலவே 'கெய்லி' கேட்டு உள்ளே வந்த ஒருவன்